களிமண் இடுக்கில் தண்ணீர்: கொங்கு நாட்டிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

பல்லடத்தில் வீட்டுச் சுவர் வெடிக்கிறது. நொய்யல் ஆற்றங்கரையில் ஒரு காட்டில் (எங்கள் பக்கம் விளைநிலத்தைக் காடு என்போம்) மழைத் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. கோவை ஃபவுண்டரியில் அச்சு மணல் உரிகிறது. நாமக்கல்லில் கோழித்தீவனத்தோடு ஒரு சாம்பல் நிறப் பொடியைக் கலக்கிறார்கள். இந்த நான்கும் ஒரே இடத்துச் சங்கதி என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. களிமண் கனிமத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள இடுக்குதான் அந்த இடம். மண் ஆய்வு வேலையில் இருப்பதால் விவசாயிகள், மேஸ்திரிகள், ஃபவுண்டரிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் என்னிடம் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எல்லாக் களிமண்ணும் தண்ணீர் பட்டால் உப்புமா?

உப்பாது. கோவை மாவட்டத்து மண் வகைகளுக்கு மண் ஆய்வாளர்கள் ஊர்ப் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். இருகூர்த் தொடர் என்றால் செம்மண். பெரியநாயக்கன்பாளையம் தொடர் என்றால் சுண்ணாம்பு கலந்த கருமண். சித்திரை வெயிலில் இரண்டையும் போய்ப் பாருங்கள். கருமண் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். செம்மண் இறுகிப் போயிருக்குமே தவிர அப்படிப் பிளக்காது. இரண்டிலும் களி உண்டு, ஆனால் களியின் இனம் வேறு. செம்மண்ணில் கயோலினைட்டும் இரும்பு ஆக்சைடும் மிகுதி. கருமண்ணில் ஸ்மெக்டைட் குடும்பம் மிகுதி. அதில் முக்கியமானது மாண்ட்மோரிலோனைட். தகடுகளுக்கு நடுவே தண்ணீரைத் தாராளமாக விடுவது இந்தக் குடும்பம்தான்.

கறுப்பாக இருப்பதால் மட்கு நிறைய இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். நம் பக்கத்துக் கருமண்ணில் கரிமச்சத்து பெரும்பாலும் குறைவுதான்.

தகடு என்கிறீர்களே, அது எப்படி இருக்கும்?

சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த படலம் கீழே ஒன்று, மேலே ஒன்று. நடுவில் அலுமினியமோ மக்னீசியமோ உள்ள படலம் ஒன்று. இந்த மூன்றும் பிரிக்க முடியாதபடி ஒட்டியதுதான் ஒரு ஸ்மெக்டைட் தகடு. கனம் 0.96 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இந்தத் தகடுகள் அப்பளக் கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும்.

கயோலினைட்டில் சிலிக்கா படலம் ஒன்று, அலுமினா படலம் ஒன்று, அவ்வளவுதான். ஒரு தகட்டின் ஹைட்ரஜன் அடுத்த தகட்டின் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதால் அடுக்கு இறுக மூடியிருக்கும். தகட்டுக்குத் தகடு தூரம் 0.72 நானோமீட்டர். தண்ணீர் சும்மா வந்து நின்றால் அந்தப் பிடி விடாது.

ஸ்மெக்டைட்டின் தகடுகள் அத்தனையையும் பிரித்துப் பரப்பினால் ஒரே ஒரு கிராம் சுமார் 750 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 18 சென்ட். கயோலினைட் ஒரு கிராமுக்கு அரை சென்ட்கூடத் தேறாது. கருமண் ஏன் இவ்வளவு தண்ணீரையும் உரத்தையும் பிடித்துவைக்கிறது என்பதற்கு இந்த ஒரு கணக்கே பாதி பதில்.

இடுக்கில் ஏற்கனவே என்ன இருக்கிறது?

அயனி, அதாவது மின்னேற்றம் கொண்ட அணு. நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது இதைத்தான். மண் என்ன இனம் என்று தெரிந்துகொண்டால் போதாது, அதன் இடுக்கில் எந்த அயனி குடியிருக்கிறது என்று கேளுங்கள்.

தகடு உருவாகும்போது நடுப் படலத்தில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மக்னீசியம் உட்கார்ந்துவிடுகிறது. சிலிக்கான் இருக்க வேண்டிய சில இடங்களில் அலுமினியம் உட்காரும். அலுமினியத்துக்கு மூன்று நேர்மின், மக்னீசியத்துக்கு இரண்டுதான். ஆக, ஒவ்வொரு இடத்திலும் ஒரு நேர்மின் குறைகிறது; தகடு முழுக்க எதிர்மின் ஏறிவிடுகிறது. அந்தக் குறையை ஈடுகட்டச் சோடியம், கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற நேர்மின் அயனிகள் இடுக்கில் வந்து நிற்கின்றன. இவை தகட்டோடு ஒட்டிப் பிறந்தவை இல்லை. வேறு அயனி கலந்த தண்ணீர் வந்தால் ஒன்று வெளியே போகும், இன்னொன்று உள்ளே வரும். மண் பரிசோதனை அறிக்கையில் 'நேர்மின் அயனி மாற்றுத்திறன்' என்று ஒரு எண் வருமே, அது இதன் அளவுதான். சுத்தமான ஸ்மெக்டைட்டுக்கு 100 கிராமுக்கு 80 முதல் 120 மில்லி சமானம் (அயனிகளின் மின்னை எண்ணும் அலகு). கயோலினைட்டுக்கு 3 முதல் 15.

சரி, தண்ணீர் எப்படி உள்ளே போகிறது?

நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர்மின். இடுக்கில் இருக்கும் கால்சியமோ சோடியமோ தண்ணீரின் ஆக்சிஜன் பக்கத்தைத் தன்னை நோக்கி இழுக்கும். தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை நிறுத்திக்கொள்வதில் அயனிக்குக் கிடைக்கும் ஆற்றல் பெரிது. தகடுகளை விலக்க ஆகும் செலவைவிட அது அதிகமாக இருந்தால் தகடு விலகும், தண்ணீர் உள்ளே வரும். தண்ணீரை உள்ளே கூப்பிடுவது முக்கியமாக அயனிதான். தகட்டின் பரப்பு அதற்குக் கொஞ்சம் துணை நிற்கிறது.

இது படிப்படியாக நடக்கும். நன்றாகக் காய்ந்த மாண்ட்மோரிலோனைட்டில் தகட்டுக்குத் தகடு தூரம் சுமார் 1 நானோமீட்டர். ஒரு அடுக்கு நீர் மூலக்கூறு நுழைந்ததும் 1.25. இரண்டாவது அடுக்கு வந்தால் 1.5. மூன்றாவது வந்தால் 1.9. இரண்டு தகடுகளுக்கு நடுவில் பாதி அடுக்கு என்பது கிடையாது. வந்தால் முழு அடுக்கு, இல்லையென்றால் இல்லை. இதில் முதல் இரண்டு படிக்கு மழையே வேண்டாம், காற்றின் ஈரமே போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் ஈரக் காற்று வீசும்போது மழை பெய்யாத காட்டிலும் இந்தப் படிகள் ஏறுகின்றன.

இன்னொரு குணமும் உண்டு. ஏறும்போது ஒரு ஈரப்பதத்தில் ஏறிய படி, காயும்போது அதே ஈரப்பதத்தில் இறங்காது. இன்னும் நன்றாகக் காய்ந்த பிறகே இறங்கும். உள்ளே போன தண்ணீர் லேசில் வெளியே வருவதில்லை.

சோடியம் இருந்தால் ஒன்று, கால்சியம் இருந்தால் ஒன்று என்கிறார்களே, ஏன்?

கால்சியத்துக்கு இரண்டு நேர்மின். மேல் தகடு, கீழ்த் தகடு இரண்டையும் அது ஒன்றாகக் கட்டிப் பிடிக்கும். எவ்வளவு தண்ணீரில் போட்டாலும் 1.9 நானோமீட்டர் வாக்கில் விரிவு நின்றுவிடும். சோடியத்துக்கு ஒரே நேர்மின், பிடி தளர்வு. உப்பில்லாத நல்ல தண்ணீர் நிறையக் கிடைத்தால் சோடியம் உள்ள தகடுகள் 1.9-ஐத் தாண்டி, அங்கிருந்து ஒரேயடியாக 4 நானோமீட்டருக்கு மேல் தாவும். இடுக்கில் அயனி அடர்த்தி அதிகம், வெளியே குறைவு. அதைச் சமன் செய்யத் தண்ணீர் உள்ளே பாய்ந்துகொண்டே இருக்கும். கடைசியில் தகடுகள் தனித்தனியாகப் பிரிந்து தண்ணீரில் மிதக்கும். கூழ் மாதிரி ஆகிவிடும்.

பொட்டாசியம் மூன்றாவது வகை. தண்ணீரைச் சேர்த்துக்கொள்வதில் அதற்கு அவ்வளவு ஆசை இல்லை. தகட்டுப் பரப்பில் ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த பள்ளங்கள் இருக்கின்றன. பொட்டாசியம் அந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தி உட்கார்ந்துகொள்ளும். தகட்டின் எதிர்மின் கூடுதலாக இருந்தால் இடுக்கே மூடிக்கொள்ளும். மைக்கா அப்படி மூடியதுதான்.

கண்ணுக்கே தெரியாத தூரத்தை எப்படி அளந்தார்கள்?

எக்ஸ் கதிர்களால். அடுக்கின்மேல் கதிர் பட்டுத் திரும்பும் கோணத்திலிருந்து தகட்டுக்குத் தகடு தூரம் கிடைக்கும். 1930-இல் லைனஸ் பாலிங் மைக்கா வகைகளின் தகட்டு அமைப்பைச் சொன்னார். 1933-இல் ஜெர்மனியில் உல்ரிச் ஹாஃப்மன், குர்த் எண்டெல், வில்ம் மூவரும் மாண்ட்மோரிலோனைட்டின் அமைப்பையும், தண்ணீர் சேரச் சேர அந்தத் தூரம் கூடுவதையும் காட்டினார்கள்.

இன்றைக்கும் ஆய்வகங்களில் ஒரு சின்ன உத்தி நடக்கிறது. களி மாதிரியை எத்திலீன் கிளைக்கால் ஆவியில் வைத்துவிட்டு மறுபடி அளப்பார்கள். கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டில் இருக்கும் அதே திரவம். எக்ஸ் கதிர்ப் பதிவில் 1.5-இல் இருந்த கோடு 1.7-க்கு நகர்ந்தால் ஸ்மெக்டைட் இருக்கிறது என்று எழுதிவிடலாம். கயோலினைட்டின் 0.72 கோடு அசையாது. தண்ணீர் அடுக்குகளின் எண்ணிக்கை காற்றின் ஈரத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். கிளைக்கால் இரண்டு அடுக்காக உள்ளே போய் அசையாமல் நிற்கும். அதனால்தான் அதை நம்புகிறார்கள்.

எக்ஸ் கதிர் இல்லாமல் நாமே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். இந்தியத் தர நிர்ணய முறை ஐ.எஸ். 2720, பகுதி 40-இல் இருக்கிற சோதனை இது. 425 மைக்ரான் சல்லடையில் சலித்த காய்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு பங்கு எடுங்கள். 100 மில்லி கண்ணாடி அளவைக் குழாய் இரண்டு வேண்டும். ஒன்றில் காய்ச்சி வடித்த தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். இரண்டிலும் மண்ணைப் போட்டுக் கிளறிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றிவிட்டு 24 மணி நேரம் அப்படியே விடுங்கள்.

மண்ணெண்ணெயில் இருக்கும் மண் போட்ட மாதிரியே அடியில் படுத்திருக்கும். மண்ணெண்ணெயின் மூலக்கூறுக்கு நேர்மின் பக்கம், எதிர்மின் பக்கம் என்று ஒன்றும் கிடையாது. இடுக்கில் உள்ள அயனிக்கு அதை இழுக்க வழியில்லை. தண்ணீர்க் குழாயில் கருமண்ணாக இருந்தால் மேற்பரப்பு மெல்ல எழும்பியிருக்கும், ஓரங்கள் வழவழப்பாகத் தெரியும். இரண்டின் கன அளவு வித்தியாசத்தை மண்ணெண்ணெய்க் குழாயின் கன அளவால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 50-க்குக் கீழே வந்தால் கவலை குறைவு. 100-ஐத் தாண்டினால் கடைக்கால் போடுவதற்கு முன் பொறியாளரோடு உட்கார்ந்து பேச வேண்டிய மண். ஒரே மண், இரண்டு திரவம், கண் முன்னால் பதில். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை.

கருமண்ணில் வீடு கட்டினோம், மூன்றாம் வருசமே சுவரில் கோணல் வெடிப்பு. கம்பியா குறை, சிமெண்டா குறை?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. கோவைப் பக்கம் வருச மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவில்தான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. அப்புறம் நாலைந்து மாதம் காய்ச்சல். ஆகவே நம் கருமண் வருசத்துக்கு ஒரு முறையாவது நன்றாக விரிந்து நன்றாகச் சுருங்குகிறது. வீடு கட்டிய பிறகு நடுவீட்டுக்கு அடியில் உள்ள மண் வெயிலைப் பார்ப்பதில்லை, ஈரம் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். சுற்றுச் சுவருக்கு அடியில் உள்ள மண் மட்டும் ஏறி இறங்கும். நடுவும் ஓரமும் வேறு வேறு அளவில் அசைவதால்தான் ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக வெடிப்பு ஓடுகிறது. சுவரை ஒட்டி வேப்பமரம் இருந்தால் அது கோடையில் தண்ணீரை உறிஞ்சி மண்ணை இன்னும் சுருக்கும். கழிவுநீர்க் குழாய் கசிந்தால் அந்த மூலை மட்டும் உப்பும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்குச் சில வழிகள். நம் பக்கம் பல இடங்களில் கருமண்ணுக்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கட்டி) கலந்த கெட்டித் தரை வந்துவிடும். அது எட்டும் ஆழத்தில் இருந்தால் அதுவரை தோண்டி அங்கே கடைக்காலை உட்கார வைப்பதுதான் நல்லது. ஆழமான கருமண்ணாக இருந்தால் அடியில் குமிழ் மாதிரி அகலமாக்கிய பைல் போட்டு மேலே பீம் ஓட்டுவார்கள். ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை அது. பைல் 3.5 மீட்டராவது இறங்க வேண்டும் என்பதற்குக் காரணம், அந்த ஆழத்துக்குக் கீழே மண்ணின் ஈரம் பருவத்துக்குப் பருவம் பெரிதாக மாறுவதில்லை. தோண்டி எடுத்த கருமண்ணையே தரைக்கு அடியில் திரும்ப நிரப்பாதீர்கள். கிராவல் நிரப்புங்கள்.

ஏற்கனவே கட்டி முடித்தவர்கள் வீட்டைச் சுற்றி மூன்று, நான்கு அடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரிவாகத் தளம் போடுங்கள். மழைநீரைச் சுவரோரம் விழ விடாமல் குழாய் வைத்துத் தள்ளி விடுங்கள். வெடிப்பை மட்டும் பூசிக்கொண்டிருப்பது பணத்துக்குக் கேடு. ஈரத்தை நிலையாக வைத்தால் மண் நிலையாக இருக்கும்.

சுண்ணாம்பு கலந்தால் கருமண் அடங்கிவிடும் என்கிறார்களே?

அடங்கும். நீற்றிய சுண்ணாம்பை மண்ணின் எடையில் சில சதவீதம் கலந்து ஈரமாக்கினால் முதலில் கால்சியம் இடுக்குக்குள் போய்ச் சோடியத்தையும் மற்றவற்றையும் வெளியேற்றும். சில மணி நேரத்திலேயே மண்ணின் பிசுபிசுப்பு குறைந்து பொலபொலவென்று ஆவதைக் கையில் உணரலாம். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் இன்னொரு வேலை நடக்கும். சுண்ணாம்பின் காரத்தில் களியின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, கால்சியத்தோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகும். சாலைக்கு அடியில் இதைத்தான் செய்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: மண்ணில் ஜிப்சம் போன்ற சல்ஃபேட் மிகுதியாக இருந்தால் சுண்ணாம்போடு சேர்ந்து வேறொரு கனிமம் உருவாகி மண் முன்னைவிட மோசமாக உப்பும். சல்ஃபேட் சோதனை பார்க்காமல் இறங்காதீர்கள்.

ஏனுங்க, நொய்யல் தண்ணி பாய்ஞ்ச காட்டுல இப்ப நல்ல மழை பேஞ்சும் தண்ணி இறங்க மாட்டேங்குதே?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு நொய்யல். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் பல வருசம் அதில் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீரே தேங்கி நின்றது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் இயங்கலாம் என்ற நிலை அப்புறம் வந்தது.

பருத்தித் துணியில் சாயம் ஏறச் சோடியம் குளோரைடும் சோடியம் சல்ஃபேட்டும் மூட்டை மூட்டையாகத் தேவைப்படும். அந்தச் சோடியம்தான் காட்டுக்கு வந்தது. வந்து கருமண்ணின் இடுக்கில் இருந்த கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். உப்புத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்த வரைக்கும் மண் அவ்வளவாகக் குழையாது. வெளியே உள்ள தண்ணீரிலும் உப்பு அடர்த்தி அதிகம் என்பதால் இடுக்குக்குள் தண்ணீர் பாய்வதற்குக் காரணம் இல்லை. நல்ல மழை பெய்து வெளி உப்பு கழுவப்பட்ட பிறகே உள்ளே இருக்கும் சோடியம் தன் வேலையைக் காட்டும். தகடுகள் பிரிந்து தண்ணீரில் மிதந்து, மண்ணின் நுண்துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். மேலே வழுவழுப்பான ஏடு படியும். காய்ந்தால் அது ஓடு மாதிரி ஆகும். "நல்ல மழை பெய்ததும் மண் கெட்டுவிட்டது" என்று விவசாயிகள் சொல்வது சரியான கவனிப்பு.

தீர்வு மறுபடியும் அயனிதான். ஜிப்சம் போட்டால் கால்சியம் கிடைக்கும். அது சோடியத்தை வெளியேற்றும். வெளியேறிய சோடியம், சல்ஃபேட்டோடு சேர்ந்து தண்ணீரில் கரைந்து கீழே போக வேண்டும். ஆகவே வடிகால் இல்லாத காட்டில் ஜிப்சம் மட்டும் கொட்டிப் பயனில்லை. எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனையில் வரும் ஜிப்சம் தேவை என்ற எண்ணைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மாற்றக்கூடிய அயனிகளில் சோடியம் 15 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சோடிய மண் என்று வகைப்படுத்துவார்கள்.

நம் மண்ணில்தான் சுண்ணாம்புச் சுக்கான் நிறைய இருக்கிறதே, அந்தக் கால்சியம் போதாதா என்றும் கேட்கிறார்கள். சோடியம் மிகுந்து களர் ஏறிய மண்ணில் அது லேசில் கரையாது. தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிரை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், அது மட்கும்போது வரும் கரியமில வாயு சுக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஜிப்சத்தோடு தக்கைப்பூண்டையும் சேர்த்துச் சொல்வது அதனால்தான்.

சாயக் கழிவுநீரைக் களிமண்ணில் வடிகட்டினால் சாயம் இடுக்கில் மாட்டிக்கொள்ளாதா?

எந்தச் சாயம் என்பதைப் பொறுத்தது. நேர்மின் உள்ள சாயம் சோடியத்தைத் தள்ளிவிட்டு இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும், திரும்ப வராது. திருப்பூரில் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் எதிர்மின் உள்ளவை. தகடும் எதிர்மின், சாயமும் எதிர்மின், ஒன்றையொன்று விலக்கும். நீண்ட வால் உள்ள கரிம அம்மோனியம் அயனிகளை முதலில் இடுக்கில் ஏற்றிய களி அந்தச் சாயங்களையும் பிடிக்கும். இது நன்றாக ஆராயப்பட்ட வழி. ஆனால் நிறம் போனாலும் சோடியம் உப்பு தண்ணீரிலேயே நிற்கும். நொய்யல் கரையைக் கெடுத்ததில் பெரும்பங்கு அந்த நிறமற்ற உப்புக்கு என்பதை மறக்கக் கூடாது.

ஃபவுண்டரியில் பெண்டோனைட் வாங்குகிறோம். ஒரு லோடு நன்றாக இருக்கிறது, அடுத்தது உதிர்கிறது. ஏன்?

கோவையின் பம்பு, மோட்டார் வார்ப்புகளுக்கு அச்சு எடுக்கும் பச்சை (ஈர) மணலில் சிலிக்கா மணலை ஒட்டவைப்பது பெண்டோனைட். பெரும்பாலும் மாண்ட்மோரிலோனைட்டே நிறைந்த களி அது. நாட்டில் முக்கியமாக வெட்டியெடுக்கும் இடங்களில் ஒன்று குஜராத்தின் கட்ச் பகுதி. கால்சியம் வகையாகக் கிடைப்பதைச் சோடா சாம்பல் சேர்த்துச் சோடியம் வகையாக மாற்றி விற்பதும் உண்டு. மாற்றம் முழுசாக நடக்காவிட்டால் லோடுக்கு லோடு வித்தியாசம் வரும். 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் 2 கிராம் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். நல்ல சோடியம் பெண்டோனைட் 24 மில்லிக்கு மேல் எழும்பும்.

உங்கள் போர்வெல் தண்ணீரையும் சந்தேகப்படுங்கள். நம் பக்கத்துக் கடினத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். காசு கொடுத்து ஏற்றிய சோடியத்தை அந்தத் தண்ணீரே இடுக்கிலிருந்து வெளியேற்றிவிடும்.

சுமார் 1,400 டிகிரி இரும்பை ஊற்றியதும் அச்சின் மேல்தோலில் உள்ள களியின் இடுக்கு நீர் ஆவியாகி, உள்ளே சற்றுத் தள்ளிக் குளிர்ந்த மணலில் போய்ப் படிகிறது. அந்த ஈரப் பட்டையில்தான் அச்சு பலவீனமாகி மணல் உரியும். சோடியம் வகை அந்த இடத்தில் தாங்கும், கால்சியம் வகை தளரும். இடுக்கு நீர் மட்டும் போன களி மறுபடி தண்ணீர் சேர்த்தால் உயிர்பெறும். 600, 700 டிகிரியைத் தாண்டித் தகட்டுக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் ஹைட்ராக்சிலும் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் இணை) போய்விட்டால் அது செத்த களி.

செத்தது எவ்வளவு, உயிரோடு இருப்பது எவ்வளவு என்று காட்டுவது மெத்திலீன் நீலச் சோதனை. மெத்திலீன் நீலம் நேர்மின் உள்ள தட்டையான சாயம். மணலை டெட்ராசோடியம் பைரோபாஸ்பேட் கரைசலில் கொதிக்கவைத்து ஆறியதும் நீலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, கிளறி, கண்ணாடிக் குச்சியால் ஒரு துளியை வடிதாளில் வைப்பார்கள். உயிருள்ள இடுக்கு மிச்சம் இருக்கும்வரை நீலம் முழுதும் களியோடு போய்விடும். தாளில் அடர்நீலப் பொட்டு, சுற்றிலும் நிறமில்லாத ஈரம். இடமெல்லாம் நிரம்பியதும் பொட்டைச் சுற்றி வெளிர்நீல வளையம் ஒன்று படரும். அந்த வளையம் வந்த இடத்தில் நிறுத்திச் செலவான மில்லியைக் குறித்துக்கொள்ள வேண்டும். கை பழகியவர்கள் வளையத்தின் முதல் நிழலைப் பார்த்ததுமே நிறுத்திவிடுவார்கள். செத்த களியில் அந்த வளையம் சீக்கிரமே வந்துவிடும்.

நாமக்கல்லில் தீவனத்தில் போடும் டாக்ஸின் பைண்டர் களிமண்தானா?

தீவனத்தில் உள்ள பூஞ்சை நஞ்சைப் பிடித்துவைக்கும் பொடிதான் டாக்ஸின் பைண்டர். பல பைண்டர்களில் முக்கியப் பொருள் ஸ்மெக்டைட் களிதான். மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் உண்டாகும். கோழியின் ஈரலைக் கெடுக்கும். அஃப்ளாடாக்ஸின் பி1 சிறிய, தட்டையான மூலக்கூறு. அதன் ஒரு முனையில் உள்ள ஆக்சிஜன்கள் இடுக்கு அயனியையும் அதைச் சூழ்ந்த நீரையும் பிடித்துக்கொள்கின்றன. இப்படி இடுக்கில் மாட்டியது குடலில் உறிஞ்சப்படாமல் எச்சத்தோடு வெளியேறும். 1988-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் ஆய்வாளர்கள் தீவனத்தில் 0.5 சதவீதம் களி சேர்த்துக் கோழிக்குஞ்சுகளைக் காப்பாற்றிக் காட்டியதிலிருந்து இது உலகம் முழுக்கப் பரவியது. கயோலினில் இந்த வேலை நடக்காது, இடுக்கு மூடியிருக்கிறதே.

எல்லா நஞ்சுக்கும் இது மருந்து என்று விற்றால் நம்பாதீர்கள். டி-2, டியாக்ஸிநிவலினால் போன்ற வேறு பூஞ்சை நஞ்சுகள் உருவத்தில் தட்டையாக இல்லை. வெறும் களி அவற்றைச் சரியாகப் பிடிக்காது. மேக்ரோலைடு வகை ஆண்டிபயாடிக் கொடுக்கும் நாட்களில் பெண்டோனைட் சேர்க்கக் கூடாது, மருந்தையும் அது பிடித்துவைத்துவிடும். உங்கள் கால்நடை மருத்துவரிடம் இதைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மண்ணில் ஈரம் தெரிகிறது, பயிர் வாடுகிறதே?

கருமண்ணில் இது சகஜம். வேர் சுமார் 15 வளிமண்டல அழுத்த அளவுக்குத்தான் இழுக்க முடியும். இடுக்கில் அயனியைச் சுற்றி நிற்கும் கடைசி அடுக்குகள் அதைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கப்பட்டவை. கைக்கு ஈரமாகத் தெரிவதில் ஒரு பங்கு பயிருக்கு எட்டாத தண்ணீர். அதனால்தான் செம்மண் காட்டில் பயிரை எழுப்பிவிடும் சிறு தூறல் கருமண் காட்டில் ஒன்றும் செய்வதில்லை.

போட்ட பொட்டாஷ் எங்கே போகிறது?

இல்லைட், வெர்மிகுலைட் என்ற களிக் கனிமங்கள் கலந்த மண்ணில் ஒரு பங்கு இடுக்கின் பள்ளங்களில் உட்கார்ந்து பூட்டிக்கொள்ளும். அது தொலைந்துவிடவில்லை, பயிர் வெளியில் இருப்பதை எடுக்க எடுக்க மெதுவாக வெளியே வரும். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியமும் கிட்டத்தட்ட அதே அளவுள்ள அயனி என்பதால் அதுவும் மாட்டும். மஞ்சள், வாழை போன்ற நீண்ட நாள் பயிருக்கு உரத்தைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நைட்ரேட் எதிர்மின் அயனி. களி அதைப் பிடிக்காது, தண்ணீரோடு போய்விடும்.

கயோலினைட் இடுக்கில் எதுவுமே நுழைய முடியாதா?

முடியும், ஆனால் சாவி வேண்டும். தகடுகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பைத் தன்பக்கம் இழுக்கக்கூடிய சிறு மூலக்கூறாக இருக்க வேண்டும். 1961-இல் ஜப்பானின் கோஜி வாடா பொட்டாசியம் அசிடேட்டை நுழைத்துத் தூரத்தை 1.4 நானோமீட்டருக்கு விரித்தார். டைமெத்தில் சல்ஃபாக்சைடு 1.12-க்கு விரிக்கும். நாம் வயலில் போடும் யூரியாவும், அடர்ந்த கரைசலாக இருந்தால், 1.07-க்கு விரிக்கும். சீனர்கள் பீங்கான் களியைப் பழைய சிறுநீரில் ஊறவைத்துப் பதப்படுத்தியதன் ரகசியம் இந்த யூரியாதான் என்று ஜெர்மன் வேதியியலாளர் ஆர்மின் வைஸ் 1963-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது.

ஹாலோய்சைட் என்று கயோலினைட்டின் உறவு ஒன்று உண்டு. பிறக்கும்போதே ஒரு அடுக்குத் தண்ணீரோடு 1 நானோமீட்டரில் இருக்கும். ஒரு தடவை நன்றாகக் காய்ந்து 0.7-க்கு மூடினால் மறுபடி தண்ணீரில் போட்டாலும் திறக்காது.

நாற்றுத் தட்டில் தென்னைநார்க் கழிவோடு போடும் வெர்மிகுலைட்டும் இதே சங்கதியா?

ஆமாம். மக்னீசியமும் தண்ணீரும் இடுக்கில் உள்ள கனிமம் அது. திடீரென்று சூடாக்கினால் இடுக்கு நீர் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் தகடுகளைத் தள்ளும். துண்டு பல மடங்கு நீண்டு லேசாகிவிடும். பொள்ளாச்சிப் பக்கத்து நாற்றங்கால்களில் மினுமினுக்கும் அந்தத் துண்டுகளை நகத்தால் பிரித்துப் பாருங்கள், அடுக்கடுக்காகக் கழன்று வரும்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுக்கும்போது எதையெல்லாம் கேட்க வேண்டும்?

காட்டு மண் என்றால் கார அமிலத்தன்மை, மின் கடத்துத்திறன் இரண்டோடு நிறுத்தாமல் நேர்மின் அயனி மாற்றுத்திறனையும், மாற்றக்கூடிய கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம் நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாசனத் தண்ணீர் ஒரு பாட்டிலும் சேர்த்துக் கொடுங்கள். நாளைக்கு இடுக்கில் எந்த அயனி இருக்கும் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கும். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும், மாவட்டங்களில் வேளாண் துறையின் மண் ஆய்வுக்கூடங்களும் இருக்கின்றன. வரப்போரம், எருக்குழி, மரத்தடி இங்கெல்லாம் மண் எடுக்காதீர்கள். மேலிருந்து ஒரு சாண் ஆழத்துக்குக் காட்டின் பல இடங்களில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ கொடுத்தால் போதும்.

வீட்டு மனை என்றால் மேலே சொன்ன மண்ணெண்ணெய்ச் சோதனை, நீர்ம எல்லை (மண் கூழாக ஓடத் தொடங்கும் ஈரம்), குழைம எல்லை (மண் உதிராமல் உருட்ட வரும் குறைந்த ஈரம்), உப்பும் அழுத்தம். சிவில் துறை உள்ள பொறியியல் கல்லூரிகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். இங்கே மேல்மண் உதவாது. கடைக்கால் உட்காரும் ஆழத்திலிருந்து, கோடையில் ஒரு குழி தோண்டி, மனையின் இரண்டு மூலைகளிலாவது எடுத்துக்கொண்டு போங்கள்.